எந்த ஏரியா?

திருச்சியில் வீடு பார்க்கிறவர் தூரத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது. சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஜங்ஷனுக்கு ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். அங்கிருந்து ஏர்போர்ட்டுக்கு இன்னொரு ஐந்து. கொள்ளிடக் கரையில் குடியிருந்துகொண்டு கே.கே. நகரில் வேலைக்குப் போகலாம். உறையூரிலிருந்து திருவெறும்பூருக்கு ஷிப்டுக்குப் போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள். பாலக்கரையில் நெரிசல், பாலத்தில் வேலை நடக்கிறது என்றாலும் முக்கால் மணி நேரத்தில் எந்த மூலையிலிருந்தும் எந்த மூலைக்கும் போய்விடலாம். சென்னையில் வேலை இருக்கும் இடமே வீட்டை முடிவு செய்துவிடுகிறது. ஏன் வேளச்சேரியில் இருக்கிறாய் என்று யாராவது கேட்டால், ஆபீஸ் பக்கம் என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம். கிராமத்திலோ பிறந்த தெருதான் தெரு. ஒன்பது லட்சம் பேர் அளவுக்கு இருக்கும் இந்த மாதிரி ஊரில்தான் ஒரு குடும்பம் உட்கார்ந்து பேசி, நமக்கு என்ன வேண்டும் என்று யோசித்து, ஏரியாவைத் தேர்ந்தெடுக்க முடிகிறது.

அதனாலேயே அந்தத் தேர்வு நம்மைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. தூரம் ஒதுங்கிக்கொண்டதும் மற்ற காரணங்கள் முன்னால் வந்து நிற்கின்றன: தண்ணீர், ஜாதி, சமையல் வாசனை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், பெற்றோரின் முழங்கால், யார் பக்கத்து வீட்டில் இருந்தால் நமக்கு நிம்மதி, யார் இருந்தால் இல்லை என்பது. பல வருடம் வெளியூரில் இருந்துவிட்டு அம்மாவோடு திரும்பி வந்து வீடு தேடியபோது, புரோக்கர்களும் வீட்டுக்காரர்களும் உறவினர்களும் சொன்னவற்றைக் கேட்டுக் கேட்டு, பிறந்த ஊரைப் புதிதாகப் படித்தேன்.

முதல் கேள்வி தண்ணீர்தான். "காவிரித் தண்ணி வருதா?" என்று கேட்ட பிறகே வாடகையைக் கேட்கிறார்கள். ஊரின் வடக்குப் பாதி ஆற்று வண்டல். ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், உறையூர், தில்லை நகர் எல்லாம் அந்த மண்ணில் இருக்கின்றன. ஊற்று மேலேயே கிடைக்கும், தண்ணீரும் நன்றாக இருக்கும். திருவானைக்காவல் கோயிலில் கருவறைக்குள்ளேயே லிங்கத்தைச் சுற்றி நீர் ஊறுகிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் அந்தத் தீவில் நிலத்தடி நீர் எவ்வளவு மேலே நிற்கிறது என்பதற்கு அதைவிடப் பழைய சாட்சி வேண்டியதில்லை. தெற்கே போகப் போகப் பாறை. மலைக்கோட்டையாகவும் பொன்மலையாகவும் திருவெறும்பூர்க் குன்றாகவும் வெளியே தலைகாட்டுகிற பாறைதான் தெற்குப் பக்கம் தரைக்குக் கீழே விரிந்து கிடக்கிறது. அங்கே போர் ஆழம். வருகிற தண்ணீரில் சோப்பு நுரைக்காது, குழாய் வாயில் வெள்ளை படியும். கம்பரசம்பேட்டையில் ஆற்றுப் படுகைக்குள்ளேயே கிணறு இறக்கி எடுக்கும் தண்ணீர் இப்போது ஊரின் பெரும்பகுதிக்குக் குழாயில் போகிறது. ஆகவே கேள்வி கொஞ்சம் மாறிவிட்டது. எத்தனை மணிக்கு வரும், எவ்வளவு நேரம் வரும், நம் வீடு மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்திலா, லைனின் கடைசியிலா? கடைசி வீடு என்றால் முன்னால் இருக்கும் நாற்பது வீட்டு மோட்டாரும் உறிஞ்சிய மிச்சம்தான் நமக்கு.

தண்ணீர் வருவதைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கிறவர்கள் அது எந்த வழியாகப் போகும் என்று கேட்பதில்லை. திருச்சியில் வெள்ளம் என்றால் காவிரியைத்தான் வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். ஊருக்குள் வீடுகளை முழுகடித்தது பெரும்பாலும் வேறு ஆறு. தென்மேற்கே மணப்பாறைப் பக்கத்து மேட்டு நிலங்களிலிருந்து கோரையாறு வருகிறது. வருடத்தில் பெரும்பாலான நாள் அதில் ஆகாயத்தாமரையும் சாக்கடையும்தான் இருக்கும். பஞ்சப்பூரைத் தாண்டி, எடமலைப்பட்டிப் புதூர், கருமண்டபம் பக்கமாக வந்து, புத்தூர் அருகே உய்யக்கொண்டான் வாய்க்காலோடு சேர்ந்து, மிஞ்சியது குடமுருட்டி வழியாகக் காவிரியில் விழ வேண்டும். தெற்கே பெய்த மழை ஒரே இரவில் இறங்கிவிட்டால், அதே நேரத்தில் காவிரியும் கரை தொட்டு ஓடினால், குடமுருட்டியால் வடிய முடியாது. தண்ணீர் பின்வாங்கி ஊருக்குள் ஏறும். 1977 நவம்பர்ப் புயலில் ஊர் மூழ்கியதை அந்தத் தலைமுறை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. 2005 நவம்பரில் கருமண்டபம், லிங்க நகர் பக்கமெல்லாம் வெள்ளக்காடாக இருந்தது. சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைச் சில வீடுகளில் வெள்ளையடிக்காமல் விட்டு வைத்திருந்தார்கள். அந்தக் கோடு எனக்கு மிக நேர்மையான ஒன்றாகப் பட்டது. வாடகைக்கு விடும் வீடுகளில் அதைக் காண முடியாது.

உய்யக்கொண்டானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், அது தெரியாமல் இந்த ஊரில் ஏரியாவைத் தெரிந்துகொள்ள முடியாது. சோழர் காலத்து வாய்க்கால். பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து எழுபது கிலோமீட்டர் அளவுக்கு ஓடி, ஊரின் நடுவில் புகுந்து, கிழக்கே வாழவந்தான்கோட்டை ஏரியில் முடிகிறது. ஆயிரம் வருடமாக அது வயலுக்காக ஓடியது. அதிலிருந்து கிளைக் கால்கள் பிரிந்தன, மதகுகள் இருந்தன, ஒவ்வொரு வயலுக்கும் தண்ணீர் வரவும் வழி இருந்தது, வடியவும் வழி இருந்தது. பிறகு அந்த வயல்கள் ஒவ்வொன்றாக நகர் ஆயின. தில்லை நகர் நின்றிருப்பது வயலில்தான். வீடு வந்ததும் வரத்துக்கால் தேவையில்லை என்று தூர்த்தார்கள். வடிகால் தேவை என்பதால் மிச்சமிருந்த கால்களில் சாக்கடையை விட்டார்கள். மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கும் தண்ணீர் இங்கே வந்து சேர்ந்ததும் உய்யக்கொண்டானில் சில நாளுக்கு நுரையும் பிளாஸ்டிக்கும் அடித்துக்கொண்டு போகும். அதற்குப் பிறகு தண்ணீர் தெளியும், கரையோர மரங்களின் நிழல் விழும், பையன்கள் குதிப்பார்கள். கோடை வந்து வாய்க்கால் வற்றினால் மறுபடி சாக்கடைதான். வாய்க்கால் ஓரம் வீடு பார்க்கிறவர்கள் ஆகஸ்டில் ஒரு முறை, ஏப்ரலில் ஒரு முறை போய் நிற்க வேண்டும். இரண்டும் ஒரே இடம் என்று நம்புவது கஷ்டமாக இருக்கும்.

ஸ்ரீரங்கத்தின் மேல் எல்லாருக்கும் ஒரு ஆசை இருக்கிறது. எங்கள் உறவில் பணி ஓய்வு பெற்ற எத்தனையோ பேர் மும்பையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் அங்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். அந்த ஆசையை நான் மதிக்கிறேன். கோயிலின் ஏழு பிராகாரங்களில் வெளிச்சுற்றுகளில் ஜனங்கள் வாழ்கிறார்கள்: உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளைந்தான். கோயிலுக்குப் போவதற்கென்று கிளம்ப வேண்டியதில்லை. காய்கறி வாங்கப் போனாலே கோயிலுக்குள்தான் நடக்கிறோம். வயதானவர்களுக்கு அது பெரிய விஷயம். காலையில் எழுந்து போக ஓர் இடம், தெரிந்த முகங்கள், திருநாள்களால் நிரம்பிய வருடம், பேச ஆள். மருத்துவரால் எழுதித்தர முடியாத மருந்து இது. 236 அடி உயர ராஜகோபுரம் 1987இல் கட்டி முடிக்கப்பட்ட பிறகு ஊர் அதற்கு வெளியேயும் வேகமாக வளர்ந்தது. தோப்புகள் அபார்ட்மென்ட் ஆயின. இரண்டு ஆற்றுக்கு நடுவில் இருக்கும் தீவு அது என்பதை அந்த அபார்ட்மென்ட்டுகளின் பால்கனியில் நின்றால் மறந்துவிடுவோம். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் அணையின் ஒன்பது ஷட்டர்கள் ஒரே இரவில் அடித்துக்கொண்டு போயின. காவிரியில் மண் சேராமலும் கொள்ளிடம் முழுத் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்வதற்காக 1836இல் ஆர்தர் காட்டன் போட்ட திட்டத்தின் மேல்தான் இந்தத் தீவின் நிம்மதி நிற்கிறது என்று அன்றைக்கு எல்லாருக்கும் ஞாபகம் வந்தது.

தெரிந்த முகங்கள் தரும் நிம்மதிக்கு இன்னொரு பக்கம் உண்டு. நாங்கள் பார்த்த வீடு எந்தத் தெருவில் என்று எழுத மாட்டேன். ஊர் முழுக்க நடப்பதை ஒரு தெருவின் தலையில் கட்டுவது நியாயமில்லை. நல்ல வீடு. திண்ணை, முற்றம், கிணறு. வீட்டுக்கார அம்மா காபி கொடுத்தார். அம்மாவிடம், "உங்களுக்குப் பூர்வீகம் எதும்மா?" என்றார். சொன்னோம். "அப்பா வழியில?" அதையும் சொன்னோம். கொஞ்ச நேரம் கழித்து, "குலதெய்வம் எந்தக் கோயில்?" என்றார். அந்தக் கேள்வி எதற்கு என்பது தமிழ்நாட்டில் வீடு தேடிய எல்லாருக்கும் தெரியும். குலதெய்வத்தின் பெயரைச் சொன்னால் ஊரும் ஜாதியும் கிளையும் சேர்ந்து வந்துவிடும். அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தாயுமானவர்னு வச்சுக்கங்கம்மா" என்றாள். ஊருக்கே பொதுவான மலைக்கோட்டைச் சாமி. அந்த அம்மாவும் சிரித்தார். வீடு கிடைக்கவில்லை.

எங்களுக்கு இது ஒரு வீடு கைநழுவிய கதை, அவ்வளவுதான். வேறு வீடு பார்த்துக்கொள்ள முடிந்தது. என் நண்பர் ஒருவர், கல்லூரியில் பாடம் நடத்துகிறவர், முஸ்லிம். புரோக்கர் போனில் வீடு காலி என்பார், கிளம்பி வரச் சொல்வார், பெயரைச் சொன்னதும் ஓனர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார் என்பார். அவருக்குக் கிடைப்பதெல்லாம் இரண்டு மூன்று ஏரியாவுக்குள்தான். பிறகு அதே ஏரியாக்களைக் காட்டி, "அவங்க எல்லாம் ஒண்ணாத்தான் இருப்பாங்க" என்று ஊர் பேசும். வங்கியில் வேலை பார்க்கும் தலித் நண்பர் ஒருவருக்கு நடந்தது இன்னும் அமைதியானது. வீடு கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து மகனுக்குக் கல்யாணம், வீடு எங்களுக்கே வேண்டும் என்றார்கள். அந்த வீட்டில் மகனே கிடையாது.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்று தேடிப் படித்தேன். அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு கடை, உணவு விடுதி, கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றில் மதம், ஜாதி, பால், பிறந்த இடம் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் படித்துறையில் எவரும் இறங்கிக் குளிக்கலாம். அந்த உரிமைக்குப் பின்னால் பெரிய போராட்டங்கள் இருக்கின்றன. படித்துறைக்கு எதிரே 'டு லெட்' பலகை தொங்கும் வீட்டைப் பற்றி அந்த உட்பிரிவு எதுவும் சொல்லவில்லை. 2005இல் அகமதாபாத்தின் பார்சி வீட்டுவசதிச் சங்கம் ஒன்றின் வழக்கில், தன் சமூகத்தாரை மட்டுமே உறுப்பினராகச் சேர்க்கும் விதியை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் ஒப்பந்தப் பதிவு, அட்வான்ஸ் தொகை, காலி செய்வது பற்றியெல்லாம் விரிவாகப் பேசுகிறது. யாருக்கு வீடு தர மறுக்கலாம், யாருக்கு மறுக்கக் கூடாது என்பதைத் தொடவில்லை. ஆக, யாருக்கு எந்த ஏரியா என்பது இன்னமும் வீட்டுக்காரர்களின் மனசாட்சியின் கையில்தான் இருக்கிறது.

இதே ஊரில், யாரும் தேர்ந்தெடுக்காத ஏரியாக்கள் இரண்டு இருக்கின்றன. அவற்றைப் பற்றி நினைக்கும்போது எனக்கு நம்பிக்கை வருகிறது, கூடவே கொஞ்சம் குழப்பமும் வருகிறது.

பொன்மலை ஒன்று. தென்னிந்திய ரயில்வேயின் ஒர்க்‌ஷாப் 1920களின் கடைசியில் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்தது. அதைச் சுற்றி ஒரு காலனி எழுந்தது: அகலமான நேர்த் தெருக்கள், வேம்பும் புளியும், ஓட்டு வீடுகள், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தை. குவார்ட்டர்ஸ் கிடைப்பது வேலை மூப்பையும் கிரேடையும் பொறுத்தது. ஃபிட்டரின் வீட்டுக்குப் பக்கத்தில் யார் வருவார் என்று ஃபிட்டரை யாரும் கேட்கவில்லை. நாகப்பட்டினத்துக்காரர், ஆங்கிலோ இந்தியர், ஆந்திரத்திலிருந்து வந்தவர், தஞ்சாவூர் கிராமத்திலிருந்து ஓடி வந்தவர் எல்லாரும் ஒரே சுவரின் இரண்டு பக்கமும் வாழ்ந்தார்கள். 1946 செப்டம்பர் 5 அன்று போலீஸ் சுட்டதில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தப் பெயர்களைத் தங்கள் வீட்டுப் பெயர்களாகச் சொல்லும் குடும்பங்களை அங்கே சந்தித்திருக்கிறேன். அவர்களுக்குள் ரத்த உறவு ஏதும் கிடையாது. ஒன்றாக வேலை செய்ததும் ஒன்றாக அடிபட்டதும் ஒரு ஏரியாவை உண்டாக்க முடியும் என்பதற்குத் திருச்சியில் அதுதான் சாட்சி.

இன்னொன்று பெல் டவுன்ஷிப். 1965இல் கொதிகலன் ஆலையில் உற்பத்தி தொடங்கியது. பக்கத்தில் கைலாசபுரம் உருவாயிற்று. அங்கே வளர்ந்த என் வயதுக்காரர்கள் எல்லாரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள்: சைக்கிளில் சுற்றிய தெரு, கிளப் ஹவுஸ் சினிமா, பக்கத்து வீட்டு மலையாளி ஆன்ட்டி கொடுத்த மீன் குழம்பு, எதிர் வீட்டு ஐயங்கார் மாமா சொல்லிக்கொடுத்த கணக்கு. ஜாதி தெரியாது என்கிறார்கள். முழுக்க நம்ப மாட்டேன், ஆனால் பெரும்பகுதி உண்மை. அங்கேயும் வரிசை இருந்தது. அது சம்பளத்தின் வரிசை. அதிகாரி வீடு வேறு, தொழிலாளி வீடு வேறு, அளவே சொல்லிவிடும். கான்ட்ராக்ட் தொழிலாளிக்குச் சுவருக்கு வெளியேதான் இடம். அப்படியிருந்தும் எதிர் வீட்டில் யார் வரலாம் என்ற அதிகாரம் எந்தக் குடும்பத்தின் கையிலும் இல்லாததால் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு விசாலம் கிடைத்தது.

என்னைக் குழப்புவது இதுதான். முப்பத்தைந்து வருடம் அப்படி வாழ்ந்தவர்கள் ஓய்வு பெற்று, பி.எஃப். பணத்தில் மனை வாங்கும் நாள் வந்ததும், தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் முதல் முறையாகக் கையில் வந்ததும், பலர் தங்களவர்கள் இருக்கும் தெருவைத் தேடிப் போனார்கள். காட்டூரிலும் கே.கே. நகரிலும் ஸ்ரீரங்கத்திலும் அந்தப் பிரிவைப் பார்க்கலாம். கலந்து வாழ்ந்தது அவர்களுக்குப் பிடிக்கவில்லையா என்று கேட்டிருக்கிறேன். ரொம்பப் பிடித்தது என்கிறார்கள், கண் கலங்கச் சொல்கிறார்கள். பிறகு ஏன் என்றால், "வயசாயிடுச்சு, நாளைக்கு ஒண்ணுன்னா நம்ம ஜனம் இருக்கணும்ல" என்பதுதான் பதில். அந்த பயத்தை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். ஆனாலும் டவுன்ஷிப்பில் நள்ளிரவில் நெஞ்சு வலித்தபோது ஸ்கூட்டர் எடுத்தவர் யார் என்று அவர்களே சொல்லும் கதையில் ஓடி வந்தவர் அவர்கள் ஜனம் இல்லை.

அரசும் ஒரு முறை இப்படிக் கலந்து குடிவைத்துப் பார்த்தது. 1997இல் அறிவிக்கப்பட்ட சமத்துவபுரத்தில் நூறு வீடு. நாற்பது தலித்துகளுக்கு, இருபத்தைந்து பிற்படுத்தப்பட்டோருக்கு, இருபத்தைந்து மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு, பத்து மற்றவர்களுக்கு. சுடுகாடு ஒன்றே. மாநிலம் முழுக்கக் கட்டினார்கள், திருச்சி மாவட்டத்திலும்தான். அதன் குறைகளைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். நகரங்களுக்குள் அந்த யோசனை ஏன் நுழையவே இல்லை என்பதுதான் என் ஆதங்கம். ஹவுசிங் போர்டு காலனிகள் குலுக்கல் முறையில் ஓரளவுக்கு அதைச் செய்தன, தங்களுக்கே தெரியாமல்.

தேர்ந்தெடுக்க வழியில்லாதவர்களைப் பற்றியும் ஏரியாப் பேச்சில் சேர்த்தே பேச வேண்டும். தஞ்சாவூர் ரோட்டில் அரியமங்கலம் குப்பைக் கிடங்கு ஏறக்குறைய 47 ஏக்கர். பல பத்தாண்டுகளாக ஊர்க் குப்பை முழுக்க அங்கேதான் போய்க் குவிந்தது. கோடையில் தீப்பிடித்தால் நாள்கணக்கில் புகை. தில்லை நகர் கிராஸில் வாசல் சுத்தமாக இருந்ததற்கு விலையாக அரியமங்கலத்துப் பிள்ளைகள் இருமினார்கள். சில ஆண்டுகளாகப் பயோமைனிங் செய்து மலையைக் கரைக்கிறார்கள். கரைந்து முடிந்தால் அங்கே மனை விலை ஏறும். இத்தனை வருடம் புகையைக் குடித்தவர்கள் வாடகை ஏறி வேறெங்கோ போவார்கள் என்று பயப்படுகிறேன்.

நாங்கள் கடைசியில் உறையூரில் வீடெடுத்தோம். காரணங்கள் சாதாரணமானவை. தண்ணீர் நன்றாக இருந்தது. தில்லை நகர் ஆஸ்பத்திரிகள் அம்மாவுக்கு ஆட்டோவில் பத்து நிமிடம். தில்லை நகரிலேயே இருந்திருக்கலாம்; அந்த ஏரியா இப்போது மருத்துவர்களின் ஊராகிவிட்டது, கிராஸுக்குக் கிராஸ் பச்சைச் சிலுவையும் மருந்துக்கடையும், வாடகையும் அதற்கேற்றாற்போல். உறையூரில் தறிச் சத்தம் குறைந்துவிட்டாலும் வேலை செய்கிற மனிதர்களின் தெருக்கள் இன்னும் இருக்கின்றன. காலை ஆறு மணிக்கே டீக்கடையில் கூட்டம், இரவு பத்து மணிக்கும் ஒரு பெண் தனியாக நடந்து வீட்டுக்கு வரலாம். வெக்காளியம்மன் கோயில் நடக்கிற தூரம். அவளுக்குக் கருவறையின் மேல் கூரை கிடையாது. மண்மாரி பெய்து உறையூர் அழிந்தபோது வீடிழந்த ஜனங்கள் வெட்டவெளியில் நின்றார்கள், எல்லாருக்கும் கூரை கிடைக்கும்வரை தனக்கும் வேண்டாம் என்று அவள் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்கிறார்கள். வீடு தேடிய மாதங்களில் அந்தக் கதை என்னைப் பலமுறை நிறுத்தியது. எல்லாருக்கும் என்று ஒரு தெய்வத்தை வைத்துக் கும்பிடுகிற ஊர் இது.

இப்போது எல்லாருடைய கண்ணும் பஞ்சப்பூர் மேல். 2025 மே மாதம் புதிய பேருந்து முனையத்தைத் திறந்தார்கள், ஜூலையில் பஸ்கள் ஓடத் தொடங்கின. மதுரை ரோட்டில் இரண்டு பக்கமும் கொடி நட்டு, கல் ஊன்றி, "டிடிசிபி அப்ரூவ்டு" என்று பேனர் கட்டியிருக்கிறார்கள். புதிய ஏரியா ஒன்று நம் கண் முன்னால் பிறந்துகொண்டிருக்கிறது. அங்கே மனை பார்க்கும் தெரிந்தவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். அப்ரூவல் பேப்பரோடு நிறுத்தாதீர்கள். அந்த சர்வே எண்ணின் அ பதிவேட்டையும் புல வரைபடத்தையும் எடுங்கள், இணையத்திலேயே கிடைக்கும். பக்கத்து எண்கள் எல்லாம் என்னவென்று பாருங்கள். ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால், ஏரி உள்வாய் என்று இருந்தால் இடத்துக்குப் போய் அது இப்போது எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். கோரையாறு அந்தப் பக்கம்தான் போகிறது. நல்ல மழை பெய்த மறுநாள் போய் ஆடு மேய்க்கிறவரிடம் கேளுங்கள். மேட்டில் போடும் ஒவ்வொரு லேஅவுட்டின் மழைத் தண்ணீரும் கீழே கருமண்டபத்து வீடுகளை நோக்கித்தான் வரும். உங்கள் மனை மூழ்காது என்பதோடு கேள்வி முடிந்துவிடவில்லை.

யாருக்கு விற்கிறார்கள் என்பதையும் கேட்கச் சொல்கிறேன். "நம்ம ஆளுங்க மட்டும்தான் சார் வாங்கியிருக்காங்க" என்று புரோமோட்டரின் ஆள் பெருமையாகச் சொன்னால், அந்த 'நம்ம' எவ்வளவு பெரியது என்று கேளுங்கள். கேட்டவர் ஒருவராவது இருந்தார் என்று அவர் முதலாளியிடம் போய்ச் சொல்லட்டும்.

எங்கள் வீட்டு மாடிப் போர்ஷன் போன மாதம் காலியானது. வீட்டுக்காரர் அருமையான மனிதர். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த வாரம் அவர் வீட்டிலிருந்துதான் கஞ்சி வந்தது. கல்லூரியில் பாடம் நடத்தும் என் நண்பரைப் பற்றி அவரிடம் சொன்னேன். பெயரையும் முதலிலேயே சொல்லிவிட்டேன், பிறகு தெரிந்து அவர் சங்கடப்பட வேண்டாம் என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எனக்கு ஒண்ணும் இல்ல, வீட்ல கேக்கணும், தெருவுல நாலு பேரு என்ன சொல்வாங்கன்னும் பாக்கணும்ல" என்றார். அந்த நாலு பேரில் எங்களையும் ஒரு வீடாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு அவர்கள் வருவது சந்தோஷம் என்றேன். அம்மா உள்ளேயிருந்தே, "எனக்கும் பேச்சுத் துணையாச்சு தம்பி" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார். எதிர் வீட்டுக்காரரிடமும் மூலைக் கடைக்காரரிடமும் நான் பேசிவிட்டேன், அவர்களுக்கு ஆட்சேபமில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இருப்பார். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் மறுபடி கேட்கப் போகிறேன்.